வழியில் இறந்தவர்களின் பதிவேடு

2020 செப்டம்பர் 14ஆம் தேதி நாடாளுமன்றம் கூடியது. ஊரடங்கின்போது சொந்த ஊருக்குத் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள், அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு ஏதாவது கொடுக்கப்பட்டதா என்று மக்களவை உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். தொழிலாளர் துறை அமைச்சர் சந்தோஷ் கங்வார் எழுத்து மூலம் பதில் தந்தார். அப்படிப்பட்ட விவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை, எனவே இழப்பீடு என்ற கேள்வி எழவில்லை என்பது பதிலின் சாரம். அதே கூட்டத்தொடரில் அரசு தந்த இன்னொரு விவரப்படி, ஊரடங்கில் ஊர் திரும்பிய தொழிலாளர்கள் 1,04,66,152 பேர்.

இந்த இரண்டு பதில்களையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு கோடிக்கு மேற்பட்ட கூட்டத்தைக் கடைசி ஆள்வரை எண்ண முடிந்திருக்கிறது. அந்தக் கூட்டத்திலிருந்து கிளம்பி ஊர் போய்ச் சேராதவர்களுக்கு மட்டும் கணக்கு இல்லை. கணக்கு இல்லாததால் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதும் இல்லை என்று ஆகிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் நான் படித்த எத்தனையோ கொடுமையான செய்திகளில் இந்த இரண்டு வரிப் பதில்தான் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

என்ன நடந்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு வந்தது. நள்ளிரவிலிருந்து 21 நாள் நாடே அடைப்பு. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். ரயில் இல்லை, பேருந்து இல்லை, வேலை இல்லை, அறைக்கு வாடகை கொடுக்கக் கையில் காசில்லை. நடந்தார்கள். மகாராஷ்டிரத்தின் வர்தாவிலிருந்து தமிழ்நாட்டை நோக்கி நடந்த ஓர் இளைஞர் செகந்திராபாத்தில் ஒரு தங்குமிடம்வரை வந்து, அங்கேயே சுருண்டு விழுந்து இறந்தார். தெலங்கானாவின் மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போயிருந்த 12 வயதுச் சிறுமி சத்தீஸ்கரில் உள்ள தன் ஊருக்குக் காட்டுவழியே நடந்தாள். ஊரை எட்டச் சில கிலோமீட்டர் இருக்கும்போது உயிர் போனது. மே 8ஆம் தேதி விடியற்காலையில் ஔரங்காபாத் அருகே கர்மாட் என்ற இடத்தில் தண்டவாளத்தில் படுத்திருந்த 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியது. ஜால்னாவில் இரும்பு ஆலையில் வேலை பார்த்தவர்கள். புசாவல் போனால் மத்தியப் பிரதேசத்துக்குச் சிறப்பு ரயில் கிடைக்கும் என்று தண்டவாளத்தையே வழியாகப் பிடித்து இரவெல்லாம் நடந்தவர்கள். ரயில்தான் ஓடவில்லையே என்று நம்பிக் கண்ணயர்ந்தார்கள். அடுத்த நாள் பத்திரிகைகளில் வந்த படத்தில் ஜல்லிக் கற்களின் மேல் அவர்கள் கட்டி எடுத்துவந்த ரொட்டிகள் சிதறிக் கிடந்தன. ரொட்டி உருக்குலையாமல் முழுதாகக் கிடந்தது.

அந்தப் படத்தைப் பார்த்த நாளில் எனக்கு எங்கள் தெருவின் பர்மாக்காரர் நினைவு வந்தது.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் 'பர்மாக்காரர் வீடு' என்று ஒன்று உண்டு. எங்கள் தெருவில் இருந்தவர் பத்து வயதில் தாய் தகப்பனோடு பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். திண்ணையில் உட்கார்ந்து எதை எதையோ பேசுவார், அந்த நடையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்வார். "தண்ணி கெடச்ச எடத்துலதான் தம்பி சாவு அதிகம்." தண்ணீர் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளத்தானே செய்வார்கள் என்று சிறுவர்களான எங்களுக்குத் தோன்றும். பிற்பாடு அந்த வரலாற்றைப் படித்தபோதுதான் புரிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வந்து தங்கிய ஓடைக்கரைகளில் காலரா பரவியிருந்தது. அவருடைய நாலு வயதுத் தங்கையை அப்படி ஒரு கரையில் விட்டுவிட்டு வந்தார்கள். தன் மூத்த மகளுக்கு அவர் வைத்தது அந்தத் தங்கையின் பெயர்.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. குண்டுவீச்சு என்றால் என்னவென்று அறியாத ஜனங்கள் தெருவில் நின்று விமானங்களை அண்ணாந்து பார்த்தார்கள், நின்ற இடத்திலேயே மடிந்தார்கள். அன்றைய ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், அரிசி ஆலைக் கூலிகள், துப்புரவுத் தொழிலாளர்கள், எழுத்தர்கள், வட்டிக்கடைக்காரர்கள், எல்லோரும் இந்தியாவிலிருந்து போனவர்கள். கப்பலில் இடம் பிடிக்கப் பணமும் செல்வாக்கும் வேண்டும். அது இல்லாதவர்களுக்குக் கால்தான் இருந்தது. புரோம் போய், ஐராவதியைத் தாண்டி, தவுங்குப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கு இறங்கி, அக்யாபிலிருந்து சிட்டகாங் போவது ஒரு வழி. மாந்தளைக்கு வடக்கே ஏறி, காலேவா, தாமு வழியாக மணிப்பூருக்குள் நுழைந்து இம்பால், திமாப்பூர் சேர்வது இன்னொரு வழி. கடைசியாகக் கிளம்பியவர்களுக்கு வாய்த்தது ஹுக்காங் பள்ளத்தாக்கு. மழை பிடித்துக்கொண்ட பிறகு முழங்கால் சேற்றிலும் அட்டைக்கடியிலும் மலேரியாவிலும் அந்தப் பள்ளத்தாக்கு வழி பிணக்காடானது.

நான்கு லட்சத்துக்குக் குறையாதவர்கள் இந்தியா வந்து சேர்ந்தார்கள் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர்? பத்தாயிரம் என்பவர் உண்டு, ஐம்பதாயிரம் என்பவர் உண்டு, அதற்கு மேலும் சொல்பவர் உண்டு. பத்தாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் நடுவே நாற்பதாயிரம் உயிர்கள் இருக்கின்றன. ஒரு பெரிய தாலுகாத் தலைநகரின் மொத்த ஜனத்தொகை அது. இவ்வளவு பேர் இருந்தார்களா, இல்லையா என்பதே தெரியாமல் ஒரு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது.

1942இல் எதிரிப் படை துரத்திக்கொண்டு வந்தது. ஆண்டவன் அந்நியன். 2020இல் குண்டு விழவில்லை, ஆட்சியில் இருந்தது நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசு. இரண்டையும் ஒன்று என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்றில் இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன. முதல் குண்டு விழுந்ததும் ரங்கூனை விட்டு வடக்கே ஓடிய இந்தியக் கூலிகளை அதிகாரிகள் பேசிச் சமாதானப்படுத்தித் திருப்பி அழைத்து வந்தார்கள். அவர்கள் இல்லாமல் துறைமுகத்தில் சரக்கு இறங்காது. பிறகு நகரமே விழப்போகிறது என்று தெரிந்தபோது அவர்களை வழியனுப்ப ஆள் இல்லை. 2020 மே முதல் வாரத்தில் கர்நாடக அரசு, கட்டுமான நிறுவனத்தாரோடு பேசிய கையோடு, தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் செல்ல இருந்த ரயில்களை வேண்டாம் என்று நிறுத்தியது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகே மறுபடி ரயில் விட்டது. 78 ஆண்டு இடைவெளியில் இரண்டு நிர்வாகங்களும் தொழிலாளியின் கையைத்தான் பார்த்தன. அந்தக் கைக்கு உரியவன் வீட்டுக்குப் போக விரும்புவான் என்பதை இரண்டும் ஓர் இடைஞ்சலாகவே எடுத்துக்கொண்டன.

எண்ணுவது கடினம், அந்தக் குழப்பத்தில் யாரால் கணக்கெடுத்திருக்க முடியும் என்று ஒருவர் கேட்கலாம். அதற்கான பதில் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இருக்கிறது.

பர்மாவிலிருந்து நம்மவர்கள் நடந்து வந்த அதே 1942இன் பிற்பகுதியில், ஜப்பானியர் சயாம் என்று வழங்கிய தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையைத் தொடங்கினார்கள். 1943 அக்டோபரில் முடித்தார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாலந்து நாடுகளின் போர்க் கைதிகள் சுமார் 60,000 பேரும், மலாயா, பர்மா, ஜாவா ஆகிய இடங்களிலிருந்து பிடித்துவரப்பட்ட கூலிகள் இரண்டு லட்சம் பேர் அளவிலும் அதில் உழைத்தார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கூலிகளில் இறந்தவர்கள் எழுபதாயிரம், தொண்ணூறாயிரம், அதற்கும் மேல் என்று மதிப்பீடுகள் மாறிக்கொண்டே போகின்றன.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நான் போயிருக்கிறேன். நகரத்தின் நடுவே, பிரதான சாலையை ஒட்டி இருக்கிறது. ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள். முழங்காலுக்கும் கீழான உயரத்தில் சாய்வான கற்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு. படைப்பிரிவு, எண், பெயர், இறந்த தேதி, வயது. பல தகடுகளின் அடியில் தாயோ மனைவியோ எழுதி அனுப்பிய ஒரு வரி. கல்லுக்குக் கல் நடுவே பூச்செடி. 22 வயது, 25 வயது, 31 வயது என்று படித்துக்கொண்டே நடந்தபோது அந்தப் பையன்களுக்காக எனக்குத் தொண்டை அடைத்தது. அவர்களுக்கு இது கிடைத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இறந்த ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டிய மரியாதை இது. அவர்களைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இறந்தவர்களுக்கு, அதே பாதையில், அதே காலராவில் போனவர்களுக்கு, இப்படி ஒரு வரிசை ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

காடும் மழையும் இரு சாராருக்கும் பொதுவானவை. வேறுபாடு பதிவேட்டில் இருந்தது. கைதிகள் ஒரு ராணுவத்தைச் சேர்ந்தவர்கள். பெயர்ப்பட்டியல் இருந்தது. முகாமில் யார் எப்போது இறந்தார், எங்கே புதைத்தோம் என்று அதிகாரிகள் ரகசியமாகக் குறித்து ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்த 1945இலேயே முன்னாள் கைதிகள் சிலர் கல்லறைத் தேடல் குழுவோடு அதே காட்டுக்குள் திரும்பிப் போய், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புதைகுழிகளை அடையாளம் கண்டார்கள். தங்கள் தோழனைத் தேடித் திரும்பிப் போக ஒரு படை இருந்தது, அந்தப் படைக்குப் பின்னால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அரசு இருந்தது. தோட்டத் தமிழனுக்கு யார் இருந்தார்கள்? கம்பெனிக்கு அவன் அழைத்து வந்த கூலி, ஜப்பானியனுக்குப் பிடித்து வந்த கூலி, பிரிட்டிஷ் அரசுக்குப் பேரளவில் மட்டும் பிரஜை. ஆக, எண்ண முடியாததால் எண்ணாமல் விடவில்லை. எண்ணிச் சொல்ல வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லாததால் விட்டார்கள்.

போகும்போது அவர்களை எண்ணாமல் விட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களின் கழுத்தில் ஒரு தகரத் துண்டைக் கட்டி அனுப்பினார்கள். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அதில் பொறித்திருக்கும். ஆளை அனுப்பிய செலவை எந்தத் தோட்டத்தின் பற்றில் எழுதுவது என்பதற்கான ஏற்பாடு அது. தோட்டத்தில் விடியும் முன், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் தலைகளை எண்ணினார்கள். அந்தி நேரத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் போட்டார்கள். அரைப்பேர் போட்டால் அரைச் சம்பளம். பறித்த கொழுந்து ராத்தல் கணக்கில் எழுதப்பட்டது. வேலைக்கு வந்தவனை எண்ணுவதில் பிசகு நேர்ந்ததே இல்லை.

2020இலும் இதே கதைதான். 1979இல் மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆள் அழைத்துப் போகும் ஒப்பந்ததாரர் உரிமம் வாங்க வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகம் தர வேண்டும். வேலையிடத்தில் விபத்தில் ஒருவர் இறந்தால் இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் குடும்பத்தாருக்கும் தெரிவிக்க வேண்டும். இவ்வளவும் அந்தச் சட்டத்தில் இருந்தது. நாற்பது ஆண்டுகளாக ஏட்டில் இருந்தது, நாட்டில் இல்லை. ஒழுங்காக நடைமுறைப்படுத்தியிருந்தால் யார் எங்கே இருக்கிறார் என்பது மார்ச் 24ஆம் தேதியே அரசின் கையில் இருந்திருக்கும். அதே செப்டம்பரில் இன்னொரு கேள்விக்கு ரயில்வே அமைச்சகம் பதில் சொன்னது. சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது இறந்தவர்கள் 97 பேர். ரயிலுக்குள் ஓர் உயிர் போனால் ரயில்வே போலீஸ் பதிவு செய்தாக வேண்டும், ஆகவே எண் இருந்தது. சாலையில் விழுந்தவனுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. சில தன்னார்வ ஆராய்ச்சியாளர்கள்தான் செய்தித்தாள்களைத் தினமும் அலசி, பசியாலும் களைப்பாலும் விபத்தாலும் தற்கொலையாலும், நோய்த்தொற்று அல்லாத காரணங்களால் ஊரடங்கில் இறந்தவர்கள் என்று 900க்கு மேற்பட்ட சாவுகளைத் தொகுத்தார்கள். செய்தியில் வராத சாவுகள் அதில் இல்லை.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட தமிழி எழுத்தில் பொறித்தவை. அதில் ஒன்று, கூடலூரில் மாட்டு மந்தைக்காக நடந்த பூசலில் இறந்த ஒருவனுக்கு எழுப்பியது. அவன் பெயர் தீயன் அந்தவன் என்று படிக்கிறார்கள். அரசனும் இல்லை, புலவனும் இல்லை. ஏதோ ஓர் ஊர்க்காரன் மாடு பிடிச் சண்டையில் செத்தான். ஊரார் கல் நட்டார்கள், எந்த ஊர்ச் சண்டை, எதற்காக, யார் என்று வெட்டி வைத்தார்கள். எழுத்து என்ற ஒன்று கைக்கு வந்ததும் இந்த மண்ணில் அதை வைத்துச் செய்த முதல் காரியங்களில் ஒன்று, இறந்தவனின் பெயரைக் கல்லில் வெட்டியது. அவன் பெயர் நமக்குத் தெரிகிறது. 1942இல் தவுங்குப் கணவாயில் விழுந்த ஒருவர் பெயரைக் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

முற்றிலும் இல்லை என்றும் சொல்லக் கூடாது. வெ. சாமிநாத சர்மா ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திவந்தவர். மனைவியோடு பர்மாவிலிருந்து நடந்து வந்து சேர்ந்தவர். பிளேட்டோவையும் ரூஸோவையும் தமிழுக்குக் கொண்டுவந்த அதே கையால் 'எனது பர்மா வழிநடைப் பயணம்' நூலையும் எழுதி வைத்தார். மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலையும் அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' நாவலையும் எழுதினார்கள். அரசாங்கப் பதிவேடு கைவிட்ட இடத்தில் எழுத்தாளர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். 2023 ஜூலை, ஆகஸ்டில் இலங்கையின் மலையகத் தமிழர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். கோப்பித் தோட்டக் காலத்தில் கரையிறங்கிய முன்னோர் காட்டு வழியே நடந்து, காய்ச்சலிலும் பட்டினியிலும் விழுந்த அதே தடத்தில், 200 ஆண்டுகள் கழித்துப் பேரப்பிள்ளைகள் நடந்தார்கள். இறந்தவர்களுக்கு அஞ்சலியையும் இருப்பவர்களுக்கான காணி, வீடு, சம உரிமைக் கோரிக்கைகளையும் ஒரே நடையில் சேர்த்துக்கொண்டு போனார்கள். நினைவுகூர்வது எப்படி என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. செத்தவர்களின் கணக்கைக் கேட்பவனுக்குத்தான் வாழ்பவர்களின் பங்கையும் கேட்க முடியும்.

இன்று நம் ஊர்களைப் பாருங்கள். திருப்பூரில் துணி தைப்பவர், சென்னையில் மெட்ரோவுக்கு மண் தோண்டுபவர், டெல்டாவில் நாற்று நடுபவர், உணவகத்தில் நம் மேசையைத் துடைப்பவர், எல்லோரும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள். பர்மாவில் நாம் இருந்த இடத்தில் இங்கே அவர்கள் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது, ரயில் நிலையங்களில் மூட்டை முடிச்சோடு நின்ற கூட்டத்தின் முகத்தில் இருந்த அச்சம் நம் தாத்தன் பாட்டிக்குத் தெரிந்த அச்சம். 2021 ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய இ-ஷ்ரம் இணையதளம் வந்தது. பல கோடிப் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் உயிரோடு இருக்கும்போது எண் கொடுக்கும் பதிவேடு மட்டும் போதாது, தகரத் துண்டும் அதைத்தான் செய்தது. அந்த எண்ணுக்கு உரியவர் வழியில் இறந்தால் எங்கே, எப்படி, எதனால் என்று எழுதவும், குடும்பத்துக்குப் பதில் சொல்லவும் கடமைப்பட்ட பதிவேடு வேண்டும். 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. எண்ணுவது எவ்வளவு எளிதாகத் தள்ளிப்போடப்படும் காரியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். பர்மாவிலிருந்து நடந்தவர்கள், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள், இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறித் திரும்பி வந்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அந்தக் கதையைக் கேட்ட கடைசித் தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. பெயர், வயது, கிளம்பிய ஊர், போன வழி, விழுந்த இடம், இவ்வளவையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் தெருவில் கட்டடம் எழுப்பும் ஒடியாத் தொழிலாளியின் பெயரையும் ஊரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று ஒப்பந்ததாரரைக் கேளுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் 2020இன் கேள்வியை மறுபடி எழுப்பச் சொல்லுங்கள். விவரம் இல்லை என்ற பதிலை ஒரு நாடு ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அடுத்த முறையும் அதே பதில்தான் வரும்.